கறைக்கும் ஒரு காரணம் வேண்டும்: விமான மாடலுக்கு நிறமும் வெதரிங்கும்

கருங்கல் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். 1/72 அளவில், அதாவது அசலில் 72இல் ஒரு பங்காக, ஒரு ஸ்பிட்ஃபயர் (இரண்டாம் உலகப் போர்க் காலப் பிரிட்டிஷ் போர் விமானம்) மாடல் கட்டி முடித்தாராம். ஸ்பிரே கேனில் பச்சை அடித்ததும் அங்கங்கே வெள்ளை பூத்துவிட்டது. பேனல் லைன் (விமானத் தகடுகள் சேரும் இடுக்குக் கோடு) எடுப்பாகத் தெரியட்டும் என்று கருப்புப் பெயின்டைத் தின்னரில் கரைத்து விட்டால், அடியில் இருந்த பச்சையும் சேர்ந்து கரைந்து வந்தது. கடைசியில் வெள்ளிப் பெயின்டைத் தொட்டுத் தொட்டு வைத்தார். விமானம் பழசாகத் தெரியவில்லை, புள்ளி வைத்த விளையாட்டுச் சாமானாகத் தெரிகிறது. அடுத்து ஒரு மிக்-21 ஜெட் போர் விமான மாடல் வாங்கி வைத்திருக்கிறார். ஏர்பிரஷ் (காற்றழுத்தத்தில் பெயின்டைத் தூவும் பேனா மாதிரிக் கருவி) வாங்கியே ஆகணுமா, நம்ம ஊரில் கிடைப்பதை வைத்துச் சமாளிக்க முடியுமா என்பது கேள்வி.

தம்பி, அந்த வெள்ளைப் பூப்புக்கு உங்கள் கையைக் குறை சொல்ல வேண்டாம், காற்றைச் சொல்லுங்கள். ஸ்பிரே கேனிலும் லாக்கர் பெயின்டிலும் இருக்கும் கரைப்பான் வேகமாக ஆவியாகும். போகும்போது பரப்பின் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகும். பரப்பு சட்டென்று குளிர்ந்ததும் சுற்றியுள்ள காற்றின் ஈரம் அதன்மேல் நுண்துளியாகப் படியும். காயாத பெயின்டுக்குள் அது மாட்டிக்கொண்டால் வெள்ளையாகத் தெரியும். கார் பெயின்ட் அடிக்கும் பட்டறைகளில் கேட்டுப்பாருங்கள், மழைக்காலத்தில் அவர்களுக்கும் இதே தலைவலிதான்.

நம்ம கன்னியாகுமரி மாவட்டத்தில் இந்தத் தலைவலி கொஞ்சம் கூடுதல். ஜூனில் தென்மேற்குப் பருவமழை. அது ஓய்ந்து ஊர் காய்வதற்குள் அக்டோபரில் வடகிழக்கு வந்துவிடும். குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் என்று கடலை ஒட்டி வீடு இருந்தால் மழை இல்லாத நாளிலும் ஈரம் விடாது. ஆரல்வாய்மொழிப் பக்கம் ஈரம் குறைவு, ஆனால் கணவாய்க் காற்று தூசியைக் கொண்டுவந்து ஈரப் பெயின்டில் ஒட்டிவிட்டுப் போகும். ஆகவே பெயின்டுக்கு முன்னால் வாங்க வேண்டியது ஒரு சின்ன டிஜிட்டல் ஈரப்பத மீட்டர். சில நூறு ரூபாய்தான். அது 70 விழுக்காட்டுக்கு மேல் காட்டினால் லாக்கரையும் கேனையும் தொடாதீர்கள். 60க்குக் கீழே வந்துவிட்டால் நிம்மதியாக அடிக்கலாம். ஜனவரி முதல் மார்ச் வரை நமக்கு நல்ல காலம். மற்ற மாதங்களில் வெயில் நன்றாக ஏறிய பிறகு பாருங்கள். அதிகாலையில் வீடு அமைதியாக இருக்கிறதே என்று ஆரம்பிக்காதீர்கள், ஈரம் உச்சத்தில் இருக்கும் நேரம் அது.

ஏற்கனவே பூத்ததை மீட்கலாம். காய்ந்த நாளாகப் பார்த்து, மெதுவாக ஆவியாகும் தின்னரை, மிஸ்டர் கலர் லெவலிங் தின்னர் போன்றதை, ஏர்பிரஷில் மிக மெல்லியதாக ஒருமுறை ஓட்டினால் பெயின்ட் சற்று இளகி, உள்ளே இருந்த ஈரம் வெளியேறி, நிறம் திரும்பிவிடும். லேசான பூப்பு மேலே ஒரு க்ளாஸ் கோட் (பளபளப்பான, நிறமற்ற பூச்சு) போனாலே மறைந்துவிடுவதும் உண்டு. இரண்டுக்கும் வழி இல்லையென்றால் 2000 நம்பர் தண்ணீர்த் தாளால் இலேசாகத் தேய்த்துவிட்டு, ஈரம் குறைந்த நாளில் மறுபடி ஒரு கோட் அடியுங்கள்.

ஏர்பிரஷ் விஷயத்தில் என் கருத்து இதுதான்: 1/72 அளவுக்குக் கை பிரஷே போதும், வெதரிங்கில், அதாவது மாடலைப் பழசாகக் காட்டும் வேலையில், பாதிக்கு மேல் எப்படியும் கை பிரஷ் வேலைதான். வல்லேஹோ போன்ற தண்ணீர் அக்ரிலிக்கை மெல்லியதாகக் கரைத்து, ஒவ்வொரு கோட்டும் நன்றாகக் காய்ந்த பிறகு அடுத்ததைக் குறுக்கு வாட்டில் இழுத்தால், மூன்று நான்கு கோட்டில் பிரஷ் தடம் தெரியாத பரப்பு வரும். அவசரப்பட்டு ஒரே கோட்டில் மூட நினைத்தால்தான் தடம் விழும். ஆனால் எக்ஸாஸ்ட் புகை, வெயிலில் வெளுத்த பேனல், மங்கலான விளிம்புள்ள காமஃப்ளாஜ் (மறைப்பு நிறத் திட்டுகள்) இவையெல்லாம் ஏர்பிரஷ் கையில் இருந்தால் சுலபம். வாங்குவதாக இருந்தால் 0.3 மில்லிமீட்டர் நாசில் உள்ள டூயல் ஆக்‌ஷன் (காற்றையும் பெயின்டையும் ஒரே விசையில் தனித்தனியாகக் கட்டுப்படுத்துவது), சின்ன டேங்க் உள்ள கம்ப்ரஸர், அதோடு ஈரம் பிடிக்கும் டிராப். இந்த மூன்றாவதைக் கடைக்காரர் சொல்லமாட்டார், நீங்கள் கேட்டு வாங்க வேண்டும். காற்றை அமுக்கும்போது அதில் இருக்கும் ஈரம் தண்ணீராகும். நம்ம ஊர்க் காற்றில் டிராப் இல்லாமல் அடித்தால் இறக்கையின் நடுவில் தண்ணீர்த் துளி வந்து விழும்.

பெயின்டின் பதம் பால் பதம். டாமியா அக்ரிலிக் என்றால் பெயின்ட் ஒரு பங்குக்கு தின்னர் ஒன்று முதல் ஒன்றரைப் பங்கு. காற்றின் அழுத்தம் 12 முதல் 15 பி.எஸ்.ஐ. டாமியாவுக்கு அதன் எக்ஸ்-20ஏ தின்னர் கிடைக்காவிட்டால் மருந்துக்கடை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் வேலை செய்யும். டாமியா ஆல்கஹால் ஏற்கும் அக்ரிலிக். வல்லேஹோவில் ஆல்கஹாலை ஊற்றினால் திரிந்து கட்டியாகிவிடும், அதற்கு அதன் தின்னரோ தண்ணீரோதான். இரண்டு பாட்டிலிலும் அக்ரிலிக் என்றே போட்டிருப்பதால் புதிதாக வருபவர்கள் இங்கேதான் குழம்புகிறார்கள்.

அடுத்து, வாஷ் (பேனல் லைனில் ஓடவிடத் தண்ணியாகக் கரைத்த அடர்நிறப் பெயின்ட்) விட்டதும் நிறம் கரைந்த கதை. நீங்கள் எடுத்தது பெயின்ட் கடையில் விற்கும் என்.சி. தின்னர் என்று எழுதியிருக்கிறீர்கள். அதில் இருப்பது டொலுயீன், அசிட்டேட் வகைக் கரைப்பான்கள். பெயின்டை மட்டுமா, அடியில் இருக்கும் பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கையே கரைக்கும். ஏர்பிரஷ் கழுவ மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மாடல் மேல் அது போகவே கூடாது.

இந்தத் தொழிலில் மனப்பாடமாக இருக்க வேண்டிய வரிசை ஒன்று உண்டு. அடியில் லாக்கர், நடுவில் அக்ரிலிக், மேலே எனாமலும் ஆயில் கலரும். கடுமையான கரைப்பான் கீழே, மென்மையான கரைப்பான் மேலே. அக்ரிலிக் நிறத்தின்மேல் எனாமல் வாஷ் விட்டுவிட்டுத் துடைத்தால், துடைக்கப் பயன்படும் வொயிட் ஸ்பிரிட் என்ற மென்கரைப்பான் அக்ரிலிக்கை ஒன்றும் செய்யாது. எனாமல் நிறத்தின்மேல் எனாமல் வாஷ் விட்டால் இரண்டும் சேர்ந்து வரும். ஏதோ காரணத்தால் வரிசை மாறிப்போனால் நடுவில் வேறு வகைக் க்ளியர் கோட்டை (நிறமற்ற பூச்சு) ஒரு சுவராக அடித்து, முழுதாகக் காய விட்டு, அப்புறம் போங்கள்.

நிறம் அடிக்கும் கட்டத்திலேயே வெதரிங் ஆரம்பித்துவிடுகிறது என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. ஒரே பச்சையை ஒரே சீராக அடித்து, அதன்மேல் அழுக்கைப் பூசினால் அழுக்கு தனியாக, விமானம் தனியாக நிற்கும். ஏர்பிரஷ் உள்ளவர்கள் கருப்பு ப்ரைமர் (அடிப்பூச்சு) அடித்து, அதன்மேல் அசல் நிறத்தை மிக மெல்லியதாக, 10 பி.எஸ்.ஐ. அளவில், ஒவ்வொரு பேனலுக்குள்ளும் ஒழுங்கில்லாமல் கிறுக்குவார்கள். ஓரங்களில் கருப்பு கொஞ்சம் விட்டுப் போகும். பார்க்க அசிங்கமாக இருக்கும், பயப்படாதீர்கள். அதே நிறத்தை இன்னும் தண்ணியாகக் கரைத்து மொத்தப் பரப்பிலும் இரண்டு முறை ஓட்டினால் கிறுக்கல் எல்லாம் அடங்கி, உற்றுப் பார்த்தால் மட்டும் தெரியும் ஏற்ற இறக்கம் மிஞ்சும். எங்கே நிறுத்துவது என்பதுதான் இதில் கலை. படத்தில் நன்றாகத் தெரிகிற அளவுக்கு விட்டால் நேரில் அதிகமாக இருக்கும்.

கை பிரஷ்காரர்களுக்கு இதே பலனை ஆயில் கலர் தரும். கேம்லின் ஆர்ட்டிஸ்ட் ஆயில் கலர் நாகர்கோவிலில் ஓவியப் பொருள் விற்கும் கடைகளிலேயே கிடைக்கும். வெள்ளை, எல்லோ ஓக்கர், பர்ன்ட் அம்பர், கருப்பு, இந்த நான்கு ட்யூப் வருஷக்கணக்கில் வரும். சின்ன அளவு எடுத்து ஒரு அட்டைத் துண்டின்மேல் அரை மணி நேரம் வையுங்கள், ஆளிவிதை எண்ணெயை அட்டை உறிஞ்சிக்கொள்ளும். எண்ணெய் குறைந்தால் சீக்கிரம் காயும், மினுமினுப்பும் போகும். அப்புறம் ஊசிமுனை அளவுப் புள்ளிகளாக இறக்கையின்மேல் வைத்து, வொயிட் ஸ்பிரிட்டில் நனைத்துத் துணியில் துடைத்த, கிட்டத்தட்ட உலர்ந்த பிரஷால் காற்று ஓடும் திசையில், அதாவது மூக்கிலிருந்து வாலுக்கு, இழுத்து இழுத்துக் கரைத்துவிடுங்கள். புள்ளி மறைய வேண்டும், சாயல் மட்டும் நிற்க வேண்டும். மேல்பரப்பில் வெள்ளையும் ஓக்கரும் கூடுதலாக, அடியில் அம்பர் கூடுதலாக வைத்தால் வெயில் பட்ட பக்கம் எது என்று தானே சொல்லும்.

வெயிலில் வெளுப்பதைப் பார்க்க வெகுதூரம் போக வேண்டாம். சின்னமுட்டம் துறைமுகத்தில் கரையேற்றி வைத்த படகை விரலால் தடவிப் பாருங்கள், மாவாக வரும். பெயின்டின் பசையைப் புற ஊதாக் கதிர் அரித்துவிட, நிறமி மட்டும் தூளாக மேலே நிற்கிறது. வெள்ளை கலந்த பெயின்டாக இருந்தால் அந்தத் தூளில் டைட்டானியம் டை ஆக்சைடு இருக்கும். நம்ம மணவாளக்குறிச்சிக் கருமணலில் எடுக்கும் இல்மனைட்டும் அந்த வெள்ளை நிறமிக்கான மூலப்பொருள்தான். கடற்படை விமானங்களிலும் இதே கதை. ஐ.என்.எஸ். விராட் விமானம்தாங்கிக் கப்பலில் இருந்து பறந்து 2016இல் ஓய்வுபெற்ற சீ ஹாரியர்களின் சாம்பல் நிறம் எந்தக் கட்டத்திலும் ஒரே சாம்பலாக இருந்ததில்லை. உப்பும் வெயிலும் ஒருபக்கம் வெளுக்க, உப்பு அரித்த இடத்தைத் தொட்டுத் தொட்டு மறுபடி பெயின்ட் வைத்த தடம் இன்னொரு பக்கம். அந்த விமானத்தைச் செய்வதாக இருந்தால் கறுப்பு அழுக்கைவிட இந்த ஒட்டுப்போட்ட சாம்பல்களில் உழைப்பைப் போடுங்கள்.

நிறம் முடிந்தால் க்ளாஸ் கோட். இதைத் தவிர்த்துவிட்டு நேராக டீகல் (சின்னங்கள் அச்சிட்ட ஒட்டுப்படம்) ஒட்டுகிறவர்கள் உண்டு. மேட் பரப்பு, அதாவது பளபளப்பில்லாத பரப்பு, நுண்ணளவில் கரடுமுரடு. டீகலுக்கு அடியில் காற்று சிக்கி வெள்ளியாகப் பளபளக்கும். க்ளாஸ் கோட்டோடு மைக்ரோ செட், மைக்ரோ சால் என்ற டீகல் படியவைக்கும் திரவங்களும் இருந்தால் டீகல் பேனல் லைனுக்குள் இறங்கிப் பெயின்டோடு ஒன்றாகிவிடும். மைக்ரோ சால் போட்டதும் டீகல் சுருங்கிக் கோணலாகும், அப்போது தொட்டீர்களோ கிழிந்தது. விட்டுவிட்டால் தானே சமமாகும்.

டீகலுக்கு மேல் இன்னொரு மெல்லிய க்ளாஸ் கோட், அப்புறம் வாஷ். இதில் கறுப்பு வேண்டாம், குறிப்பாக 1/72இல். அசல் விமானத்தின் பேனல் இடுக்கு சில மில்லிமீட்டர்தான். பத்தடி தள்ளி நின்று பார்த்தால் பாதி கண்ணுக்கே தெரியாது. பச்சைக்கும் பழுப்புக்கும் அடர் பழுப்பு, சாம்பலுக்கு அதைவிட இரண்டு படி அடர்ந்த சாம்பல், வெள்ளைக்கு இளஞ்சாம்பல். நுனிக்கூர்மையான பிரஷை வாஷில் தொட்டு, பேனல் லைனில் ஒரே ஒரு புள்ளியில் வையுங்கள். பள்ளத்தின் வழியே அது தானே ஓடிப் போவதைப் பார்க்கலாம். ஓட்டம் நின்ற இடத்தில் இன்னொரு புள்ளி. இருபது முப்பது நிமிடம் விட்டு, வொயிட் ஸ்பிரிட் தொட்டுப் பிழிந்த காதுக் குச்சியால், மறுபடியும் மூக்கிலிருந்து வாலுக்குத் துடையுங்கள். குறுக்கே துடைத்தால் குறுக்கே தடம் விழும், பறக்கிற விமானத்தில் எந்த அழுக்கும் குறுக்கே ஓடாது. அய்லரான், ரடர், ஃப்ளாப் போன்று உண்மையில் அசையும் பாகங்களின் இடுக்குக்கு மட்டும் இரண்டாவது முறை கொஞ்சம் அடர்த்தியாக விடலாம். எல்லாக் கோட்டையும் ஒரே கனத்தில் விட்டால்தான் வரைபடம் மாதிரி ஆகிவிடுகிறது. இன்னொன்று: எனாமல் பேனல் லைனர் க்ளியர் கோட் இல்லாத வெறும் பிளாஸ்டிக்கில் இறங்கினால் அதை நொறுங்கவைக்கும். இறக்கைச் சந்து, லேண்டிங் கியர் போல இறுக்கமாகப் பொருத்திய இடங்களில் மறுநாள் விரிசல் தெரியும்.

இப்போது உங்கள் புள்ளி வைத்த ஸ்பிட்ஃபயர். பெயின்ட் உரிந்த இடம் எங்கே வரும் என்பதைவிட ஏன் வரும் என்று கேளுங்கள். விமானி ஏறுவது இடப்பக்கம். காக்பிட்டின் சின்னக் கதவு இருப்பதும் அங்கேதான். ஆகவே இடது இறக்கை உடம்போடு சேரும் இடத்தில் பூட்ஸ் தேய்ந்து அலுமினியம் தெரியும். வலது பக்கம் மெக்கானிக் ஏறுவார், ஆனால் அவ்வளவு இருக்காது. எஞ்சின் மூடிகளை நாள்தோறும் கழற்றி மாட்டுவதால் அதன் திருகுகளைச் சுற்றி உரியும். துப்பாக்கிக் குண்டு நிரப்பும் மூடிகளின் ஓரமும் அப்படி. இறக்கையின் முன்விளிம்பில் மணலும் மழையும் மோதி நுண்புள்ளிகளாகப் போகும். முப்பந்தல் காற்றாலைகளிலும் இறக்கையின் முன்விளிம்புதான் முதலில் அரிபடும். இவ்வளவுதான் இடம். இறக்கை நுனியின் நடுவில் ஆளும் நடக்கவில்லை, திருகும் இல்லை என்றால் அங்கே வெள்ளிப்புள்ளிக்கு வேலை இல்லை.

உரிந்தால் அடியில் என்ன தெரியும் என்பதையும் பார்க்க வேண்டும். அலுமினியம் துருப்பிடித்துச் சிவக்காது. பீரங்கி வண்டி மாடல்களைப் பார்த்துவிட்டு விமானத்தில் துருச்சிவப்பு வைப்பவர்கள் நிறைய. ஸ்பிட்ஃபயர் காலத்து ஹரிக்கேன் விமான உடலின் பின்பாதி மரச்சட்டத்தின்மேல் துணி, ஸ்பிட்ஃபயரின் ரடரும் துணிதான், மாஸ்கிட்டோ விமானத்தின் உடலும் இறக்கையும் மரம். இவற்றில் வெள்ளி தெரிய வழியே இல்லை. நம்ம தேஜஸ் எடையில் சுமார் 45 விழுக்காடு கார்பன் ஃபைபர் போன்ற கூட்டுப்பொருள், வெளித்தோலில் பெரும்பகுதி அதுதான். சூலூரில் நிற்கும் தேஜஸைச் செய்து அதன் இறக்கை முழுக்க அலுமினிய உரிசல் வைத்த மாடல்களைப் பார்த்திருக்கிறேன், கை வேலை பிரமாதம், விஷயம் தப்பு.

செய்முறையில் எனக்குப் பிடித்தது மிக எளியது. பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சைக் கிள்ளி ட்வீஸரில் பிடித்து, அலுமினியப் பெயின்டில் தொட்டு, காகிதத்தில் ஒற்றி ஒற்றிக் கிட்டத்தட்ட ஒன்றும் வராத நிலையில் மாடலில் ஒற்றுங்கள். 1/72இல் ஒரு மில்லிமீட்டர்ப் புள்ளி என்பது அசலில் ஏழு சென்டிமீட்டர் ஓட்டை என்பது நினைவிருக்கட்டும். பிரஷைவிட வெள்ளிக் கலர்ப் பென்சில் கட்டுக்குள் நிற்கும், மேட் பரப்பில் நன்றாகப் பிடிக்கும்.

பரப்பு பெரியதாக இருந்தால் உப்பு முறை. அலுமினிய நிறம் அடித்து, க்ளியர் கோட்டால் காத்து, உரிய வேண்டிய இடத்தைத் தண்ணீரில் நனைத்து, உப்பைத் தூவி, காய்ந்ததும் மேல்நிறத்தை அடித்து, பிறகு உப்பைத் தட்டிவிடுவது. புத்தளம் உப்பளங்கள் பக்கத்திலேயே இருக்க நமக்கு உப்புக்கா பஞ்சம் என்று கல்லுப்பை எடுத்துவிடுவீர்கள். கழுவாத கல்லுப்பில் மக்னீசியம் குளோரைடு கலந்திருக்கும், அது காற்றின் ஈரத்தை இழுத்துக் கசியும். மழைக்காலத்தில் உப்பு காயவே காயாது, பெயின்டுக்கு அடியில் தண்ணீர்தான் நிற்கும். பாக்கெட்டில் வரும் தூள் உப்பு நல்லது. உருவம் ஒரே மாதிரி இல்லாமலிருக்க, வெயிலில் நன்றாகக் காயவைத்து நுணுக்கிய கல்லுப்பு கொஞ்சம் சேர்க்கலாம். வேலை முடிந்ததும் நல்ல தண்ணீரில் கழுவி எடுங்கள். உப்பு மிச்சம் இருந்தால் க்ளியர் கோட்டுக்கு அடியில் வெள்ளையாகப் பூக்கும்.

ஹேர்ஸ்பிரே முறை அதைவிடத் துல்லியம். அலுமினியத்தின்மேல் ஹேர்ஸ்பிரே, அதன்மேல் அக்ரிலிக் நிறம், ஓரிரு மணி நேரத்துக்குள் தண்ணீர் தொட்ட கடின பிரஷால் தேய்த்தால் மேல்நிறம் செதில் செதிலாக வரும். மேல்நிறம் லாக்கராக இருந்தால் தண்ணீர் உள்ளே போகாது, நடக்காது.

புகைக்கு வருவோம், ஸ்பிட்ஃபயரின் முகத்தை மாற்றுவது அதுதான். அக்காலப் பெட்ரோலில் ஈயம் கலந்திருந்தது. எரிபொருள் செறிவாக எரிந்தால் கரும்புகை படியும், குறைவான கலவையில் நெடுந்தூரம் பறந்தால் ஈயப் படிவு இளஞ்சாம்பலாக, சில சமயம் மணல் நிறமாக விழும். ஆகவே எக்ஸாஸ்ட் தடம் வெறும் கறுப்புப் பட்டை அல்ல. கருப்பும் செம்பழுப்பும் சரிபாதி கலந்து, ஒன்பது பங்கு தின்னர் விட்டு, இரண்டு மூன்று சென்டிமீட்டர் தூரத்தில் இருந்து குழாயின் வாயில் தொடங்கி இறக்கையின் மேல்வழியாகப் பின்னோக்கி ஓட்டுங்கள். ஒருமுறை ஓட்டினால் ஒன்றும் தெரியாது, தெரியவும் கூடாது. ஐந்தாறு ஓட்டத்தில் மெல்ல எழும்பும். குழாய்க்கு அருகில் மட்டும் இன்னொரு குறுகிய அடர் ஓட்டம், அதன் நடுவில் மணல் நிறத்தில் ஒரு நூல். ஏர்பிரஷ் இல்லாவிட்டால் சாஃப்ட் பேஸ்டல் குச்சியைத் தாளில் உரசித் தூளாக்கி, மென்பிரஷால் இழுங்கள். ஆயில் பேஸ்டல் என்று தந்துவிடப் போகிறார்கள், பார்த்து வாங்குங்கள். அது மெழுகாக அப்பும். தூள் மேட் பரப்பில்தான் ஒட்டும். மேலே க்ளியர் அடித்தால் பாதி காணாமல் போகும் என்பதால் ஒரு மடங்கு கூடுதலாக வைத்துக்கொள்ளலாம்.

பறக்கும்போது விழுந்த கறை பின்னோக்கி ஓடும். நிற்கும்போது கசிந்தது கீழ்நோக்கி ஓடும். எஞ்சினுக்கு அடியில் ஆயில் கசிவு வயிற்றின் நீளத்துக்குப் பின்னால் போகும், லேண்டிங் கியர் அருகில் ஹைட்ராலிக் கசிவு செங்குத்தாக இறங்கும். ஸ்பிட்ஃபயரில் பெட்ரோல் டேங்க் விமானிக்கு முன்னால்; கண்ணாடிக்கு முன்பக்கம் உள்ள மூடியைச் சுற்றிச் சிந்திய பெட்ரோல் பெயின்டைக் கழுவிச் சற்று மினுமினுப்பாக விட்டிருக்கும். எண்ணெய்க் கறையை மேட் கோட்டுக்கு அப்புறம் வைத்தால்தான் ஈரம் காயாதது போலத் தெரியும்.

இரண்டாம் உலகப் போரில் பர்மா முனையில் பறந்த ஸ்பிட்ஃபயர் மார்க் 8ஐச் செய்யும் ஆசை இருந்தால், இந்திய விமானப்படையின் 8ஆம் ஸ்குவாட்ரன் அதை ஓட்டியது. ஜப்பானியரின் சிவப்பு வட்டத்தோடு குழம்பாமல் இருக்க அங்கே வட்டச் சின்னத்தில் சிவப்பையே எடுத்துவிட்டார்கள். செம்மண் ஓடுதளம், மழை, கடும் வெயில் எல்லாம் உண்டு. வெதரிங்குக்கு அதைவிட நல்ல சாக்கு கிடைக்காது. டயரிலும் வயிற்றிலும் சேறு வைக்கலாம். கான்கிரீட் ஓடுதளத்தில் நிற்கும் தஞ்சாவூர் சுகோய்-30க்கு அதே சேற்றை வைத்தால் நன்றாக இருக்காது.

மிக்-21க்கு வேறு கணக்கு. இந்திய விமானப்படைக்கு 1963இல் வந்து 2025 செப்டம்பரில் ஓய்வுபெற்ற விமானம், அறுபது வருஷத்தில் எத்தனையோ நிறம். எந்த வகை, எந்த ஆண்டு என்று முடிவு செய்யாமல் பெயின்ட் பாட்டிலைத் திறக்காதீர்கள். வெற்று உலோக நிறத்தில் பறந்த மிக்-21 எஃப்எல் வகை விமானங்களில் பலவற்றுக்கு 1971 போரின்போது அவசரமாகப் பச்சை பூசினார்கள். அவசரப் பூச்சு என்பதால் உரிசலுக்கும் சீரில்லாத நிறத்துக்கும் அங்கே நியாயம் இருக்கிறது, கை பிரஷ்காரருக்கு அது வரப்பிரசாதம். மூக்குக் கூம்பும் செங்குத்து வாலின் உச்சியும் ரேடியோ அலை புகுந்து போக வேண்டிய பாகங்கள், உலோகம் அல்ல. அங்கே வெள்ளி வேண்டாம். பின்புறம் ஆஃப்டர்பர்னரை (கூடுதல் வேகத்துக்கு எரிபொருளை மறுபடி எரிக்கும் பகுதி) சுற்றிய உலோகம் சூட்டில் நிறம் மாறும்: பளபளப்புக் கருப்பின்மேல் ஆல்கிளாட் போன்ற உலோக லாக்கர், அதன்மேல் மிகத் தண்ணியாக வைக்கோல் மஞ்சள், பிறகு பழுப்பு, விளிம்பில் நீலம். நீலத்தைக் கொஞ்சம் தாராளமாக விட்டால் மயில் கழுத்தாகிவிடும். உலோக நிறத்தின்மேல் க்ளியர் கோட் அடித்தால் பளபளப்பு சாகும் என்பதால், அந்தப் பகுதியைக் கடைசியில் தனியாக, மற்ற இடங்களை மூடி மாஸ்க் போட்டுச் செய்வது உத்தமம்.

மாஸ்க் என்றதும் ஒன்று. பாட்டிலில் விற்கும் திரவ மாஸ்க்குகளில் பலவும் அமோனியா சேர்த்த ரப்பர் பால்தான். குலசேகரம் பக்கம் ரப்பர் வெட்டும் வீட்டில் கேட்டால் ஒரு சின்ன பாட்டில் தந்துவிடுவார்கள். அமோனியா சேர்க்காத பால் சீக்கிரம் உறைந்துபோகும். அமோனியா சேர்த்தது கண்ணாடிக் கூண்டுக்கும் லாக்கர் நிறத்துக்கும் சரி, டாமியா அக்ரிலிக்கின்மேல் வைத்தால் அமோனியா நிறத்தை இளக்கிவிடும். எங்கே வைப்பதாக இருந்தாலும் வேண்டாத துண்டில் வைத்துப் பார்த்துவிட்டுப் போங்கள்.

லாக்கர் அடிக்கும்போது கரைப்பான் ஆவிக்கென்று கார்ட்ரிட்ஜ் உள்ள மாஸ்க்கை முகத்தில் போடுங்கள். கொரோனா காலத்து என்-95 தூசிக்குத்தான், ஆவியைத் தடுக்காது. வராந்தாவில், விசிறி வெளியே பார்க்க வைத்து அடித்தால் வீட்டில் திட்டும் குறையும்.

பூச்சுகளில் மேட் கோட் கடைசி. கேன் மேட் ஈரக் காற்றில் உறைபனியாக விழும், ஆரம்பத்தில் சொன்ன அதே காரணம். இவ்வளவு செய்த பிறகு அது நடந்தால் வயிறு எரியும் என்பதால், மீட்டர் 60க்குக் கீழே வரும் நாளுக்காக வாரக்கணக்கில் காத்திருந்தாலும் தப்பில்லை. அதுவரை மாடலைத் தூசி படாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். கண்ணாடிக் கூண்டை ஒட்டும்போது ஃபெவிக்விக் எடுக்காதீர்கள்; அதன் ஆவி கண்ணாடிக்கு உள்பக்கம் வெள்ளையாகப் படியும், ஈரம் கூடக் கூட அதிகம் படியும். ஃபெவிகால் போதும். காயும்போது நிறமற்றுப் போகும், வழிந்ததை ஈரக் காதுக் குச்சியால் துடைக்கலாம்.

மிக்-21 பெட்டியின் பக்கவாட்டையும் டீகல் தாளையும் படம் எடுத்துப் போடுங்கள் தம்பி, எந்த வகை என்று பார்த்து நிற எண்களைச் சொல்கிறேன்.